அவார்டுக்காக ஊர் சுத்தப் போன லாரி

உங்க கம்பெனி கேட்டுல தொங்கற பேனரைப் பாத்துட்டுத்தான் உள்ள வந்தேன். லீன் அவார்டுக்கு, அதான் எதையும் வீணாக்காம தொழில் நடத்தறதுக்குக் குடுக்கறதுக்கு, பேர் குடுத்திருக்கீங்க, அடுத்த வாரம் பாக்க வர்றாங்க. சந்தோஷம்பா. தரையெல்லாம் மஞ்சக் கோடு, சுவத்துல ஸ்பேனருக்கு ஸ்பேனர் படம் வரைஞ்ச பலகை, குப்பைத் தொட்டிக்கு ஒரு கட்டம். தண்ணி குடிக்கற டம்ளருக்கும் ஒரு கட்டம் போட்டு வெச்சிருக்கீங்க பாருங்க, அதான் எனக்கு ரொம்பப் புடிச்சது. ‘பாய், கேடயம் வாங்கறதுக்கு உங்க அனுபவத்துல நாலு டிப்ஸ் குடுங்க’ன்னு உங்க மேனேஜர் கேட்டாரு. டிப்ஸெல்லாம் என்கிட்ட இல்ல. ஒரு லாரி கதை இருக்குது, அதைக் கேட்டுட்டு டீ குடிக்கப் போங்க.

நான் கும்மிடிப்பூண்டி எஸ்டேட்டுல தகடு அடிக்கற ஒரு பிரஸ் கம்பெனியில டிஸ்பாட்ச் பாத்துக்கினு இருந்தவன். ரெடியான சரக்கை சரிபாத்து, பில்லு போட்டு, வண்டியில ஏத்தி அனுப்பணும், அதான் என் வேலை. பழவேற்காட்டுல எங்க ஊட்டு ஆளுங்க எல்லாரும் யாவாரிங்க. ‘ஊரான் சரக்கை ஏத்தி எறக்கவாடா உன்னைப் படிக்க வெச்சேன்’னு எங்க வாப்பா கடைசி வரைக்கும் முனகிக்கினே இருந்தாரு. எனக்கு என்னவோ அந்த வேலை புடிச்சுப் போச்சு. லாரி வெளிய போய் கேட்டு மூடற சத்தம் கேட்டாத்தான் எனக்கு நாஷ்டா உள்ள எறங்கும்.

எங்ககிட்ட ரெண்டு லைன் இருந்துச்சு. ரெண்டாவது லைன்ல ஒரே ஒரு பார்ட்டுதான் ஓடும். கார் சீட்டுக்கு அடியில வர்ற பிராக்கெட்டு, இடதுக்கு ஒண்ணு வலதுக்கு ஒண்ணு. அந்த லைன்ல மொத்தமும் பொண்ணுங்க, எல்லாரும் கான்ட்ராக்ட். மீஞ்சூர், கவரைப்பேட்டைன்னு காலையில லோக்கல் ட்ரெயின்ல சிரிச்சிக்கினே வந்து எறங்குவாங்க. அவங்களுக்கு சூப்பர்வைசர் கோமதி. கவரைப்பேட்டை தாண்டி ஒரு கிராமம், ஊட்ல நெல்லு போடற நெலம் இருக்குது. ‘நெலம் இருக்குது பாய்ண்ணா, தண்ணிதான் இல்ல’ன்னு சொல்லும். அது சம்பளத்துலதான் அந்த ஊட்ல அடுப்பு எரிஞ்சுது. வாயிருக்கே வாய், அதுக்கு முன்னாடி எங்க ஜெனரல் மேனேஜர், ஜி.எம்.மே ஒரு அடி தள்ளித்தான் நிப்பாரு.

அது கரண்ட்டு எப்ப வரும், எப்ப போவும்னு தெரியாத காலம். ஒருவாட்டி கரண்ட்டு போய் சரக்கு லேட்டாச்சு. இன்னொருவாட்டி ஜெனரேட்டரே படுத்துக்கிச்சு, மறுபடியும் லேட்டு. அந்த பிராக்கெட்டு வாங்கற கம்பெனி திருவள்ளூர் தாண்டி இருந்துச்சு. அங்க ப்ளானிங் பாக்கற ஆளு எனக்கு போன் போட்டு ஒரே பேச்சா சொல்லிட்டாரு. ‘பாய், இன்னொரு தடவை என் லைன் நின்னுச்சுன்னா நான் திட்டக்கூட மாட்டேன். வண்டி அனுப்பி என் டையைத் தூக்கிக்கினு போயிடுவேன்.’ டைன்னா பிராக்கெட்டுக்கு உருவம் குடுக்கற அச்சு. அது அவங்க சொத்து. அது போச்சுன்னா ரெண்டாவது லைனுக்கு அடிக்கறதுக்கு வேற ஒண்ணும் கெடையாது. கான்ட்ராக்ட்டுல இருக்கற பொண்ணுங்களை யாரு உக்கார வெச்சு சோறு போடுவா? இது கோமதிக்கும் தெரியும், எல்லாருக்கும் தெரியும்.

அதுக்கப்புறம் நான் ஒரு வேலை பண்ணேன். கரண்ட்டு இருக்கும்போதெல்லாம் கொஞ்சம் சேத்து அடிக்கச் சொல்லி, நீலக் கலர் பிளாஸ்டிக் கிரேட்டுல போட்டு டிஸ்பாட்ச்சுல அடுக்கிட்டேன். அடுக்கினேன், அடுக்கினேன், ஜன்னலே மறைஞ்சு போச்சு. ராத்திரி நிம்மதியா தூங்கினேன்.

அந்த நேரம் பாத்துத்தான் எங்க ஜி.எம்.முக்கு அவார்டு ஆசை வந்துச்சு. நல்ல மனுஷன், குறை சொல்ல மாட்டேன். பக்கத்து கம்பெனி ரிசப்ஷன்ல கண்ணாடிப் பொட்டிக்குள்ள ஒரு கேடயத்தைப் பாத்துட்டாரு, அன்னிலேருந்து மனுஷனுக்குச் சோறு எறங்கல. ஆனா ஒண்ணு, நெஜமாவே வேலை நடந்துச்சு. டை மாத்தறதுக்கு ஆவற நேரம் பாதியா கொறைஞ்சுது. பொண்ணுங்க குனிஞ்சு குனிஞ்சு எடுத்ததெல்லாம் கை உயரத்துக்கு வந்துச்சு. அதுல யாருக்குமே பேஜாரு இல்ல.

பேஜாரு என் கிரேட்டுங்களாலதான் வந்துச்சு. லீன் கணக்குல சரக்கைக் குமிச்சு வெக்கறது பெரிய பாவம். அதுக்குன்னு தனி மார்க்கு இருக்குது. பாக்க வர்றதுக்கு ரெண்டு நாள் முன்னாடி ஜி.எம். என் இடத்துல வந்து நின்னு, அந்த நீல மலையை அண்ணாந்து பாத்தாரு.

“பாய், இதெல்லாம் ஒரு நாளைக்குக் கண்ணுல படாம இருக்கணும்.”

“எங்க சார் வெக்கறது? என் தலைமேலயா?”

“லாரியில ஏத்து. அவங்க போற வரைக்கும் எங்கயாவது வெளிய நிக்கட்டும்.”

“சார், இது வேணாம். இவ்ளோ ஏன் வெச்சிருக்கோம்னு அவங்க கேட்டா, கரண்ட்டு இல்ல, அதான்னு நான் சொல்றேன். இதுல இன்னா அசிங்கம்?”

“எல்லாரும் பண்றதுதான் பாய். ஒரே ஒரு நாள். என் முகத்துக்காக.”

முகத்துக்காகன்னுட்டா நம்ம ஊர்ல அதுக்கு மேல பேச்சு ஏது? ஏத்தினாங்க. அவசரத்துல இடது, வலது, லேபிள் ஒட்டினது, ஒட்டாதது எல்லாத்தையும் ஒண்ணு மேல ஒண்ணா வாரிப் போட்டாங்க. லைன்ல போட கிரேட்டு பத்தாதுன்னு பாதியைச் சாக்குல கொட்டினாங்க. காலி இடத்துக்குப் பச்சை பெயின்ட் அடிச்சு, சுத்தி மஞ்சக் கோடு. பாக்க வர்ற அன்னிக்குக் காலையிலயும் அது சரியா காயல.

லாரி டிரைவர் சுப்பய்யா. ஆரம்பாக்கத்துக்காரன், பாதி தமிழு பாதி தெலுங்கு. ‘கவரைப்பேட்டைகிட்ட ஓரமா நிறுத்திக்கினு தூங்குடா, கூப்பிடும்போது வா’ன்னு அனுப்பினோம். தூங்கறதுக்குச் சம்பளமான்னு அவனுக்கு ஒரே குஷி.

வந்தவங்க மூணு பேரு. தலைவி ஒரு அம்மா, கோயமுத்தூர் பக்கம். பருத்திப் பொடவை, கண்ணாடி, வாயைத் தொறந்தா ‘ங்க’ இல்லாம பேச்சே வராது. சந்தனம், கல்கண்டு, பன்னீர் எல்லாம் ஆச்சு. மீட்டிங் ரூம்ல ஜி.எம். கோட்டு போட்டுக்கினு ஸ்கிரீன்ல படம் காட்டி ஆரம்பிச்சாரு. நான் கதவோரம் நின்னுக்கினு இருந்தேன். ‘எங்ககிட்ட தேவைக்கு மேல ஒரு பீஸ் ஸ்டாக்கு கெடையாது’ன்னு அவர் சொல்றாரு, என் பாக்கெட்டுல போன் அதிருது.

வெளிய வந்து எடுத்தேன். திருவள்ளூர் ப்ளானிங் ஆளு.

“பாய், இடது பிராக்கெட்டு வேணும். இப்பவே வேணும். எங்க ஸ்டோர்ல கணக்கு தப்பாயிடுச்சு. மத்தியான ஷிஃப்ட்டு ஆரம்பிக்கறதுக்குள்ள வரலன்னா லைன் நிக்கும்.”

“உங்க கணக்குதானே சார் தப்பு?”

“யார் கணக்கா இருந்தா இன்னா? நின்னா நின்னதுதான். மேல இருக்கறவங்க ‘அந்த கும்மிடிப்பூண்டி பார்ட்டா’ன்னுதான் கேப்பாங்க. மூணாவது தடவை பாய். என்னால ஒண்ணும் பண்ண முடியாது. உன்கிட்ட இருக்கும்னு தெரிஞ்சுதான் கூப்பிடறேன்.”

 அன்னிக்கு லைன்ல வலது ஓடிக்கினு இருந்துச்சு. டை மாத்தி, இடது அடிச்சு, எண்ணெய் தொடைச்சு அனுப்பணும்னா சாயங்காலம் ஆயிடும். இருக்கறதெல்லாம் லாரியில. சுப்பய்யாவுக்குப் போன் போட்டா எடுத்தான்.

“எங்கடா இருக்கே?”

“ஆரம்பாக்கத்துல நைனா. போலீஸ்காரரு ரோட்ல நிக்க வுடல. சரி, ஊட்டுக்குப் போயி ஒரு வாய் துன்னுட்டு வரலாம்னு…”

“சரக்கோடவா?”

“சரக்கை எங்க நைனா வுட்டுட்டு வர்றது?”

நேரா திருவள்ளூருக்கு வுடுடான்னு சொல்ல முடியாது. பில்லு இல்ல, கேட் பாஸ் இல்ல. அதோட இடதும் வலதும் சாக்குல கலந்து கெடக்குது, அதை அப்படியே கொண்டுபோய்க் கொட்டினா கஸ்டமரு நம்மளையே சாக்குல கட்டிடுவான். வண்டி உள்ள வரணும், எறக்கணும், பிரிக்கணும். எறக்கற இடம் எது? அவங்க வந்து பாக்கப் போற, காயாத பச்சை பெயின்ட் அடிச்ச அதே இடம்.

ஜி.எம்.மை சைகை காட்டி வெளிய கூப்பிட்டேன். விஷயத்தைச் சொன்னதும் கோட்டுக்குள்ளயே மனுஷனுக்கு வேர்த்துக் கொட்டிடுச்சு.

“நாலு மணிக்கு அவங்க கெளம்பிடுவாங்க பாய். அதுவரைக்கும் எப்படியாவது தாட்டு.”

“நாலு மணிக்கு லைன் நின்னு ரெண்டு மணி நேரம் ஆயிருக்கும் சார்.”

“ரோட்டோரமா எறக்கிப் பிரிச்சா?”

“சேத்துல கொட்டியா சார்? துருப்பிடிச்ச பார்ட்டை அவன் காருக்கு மாட்டுவானா?”

கோமதி அங்கயே நின்னுக்கினு இருந்துச்சு. யாரும் கூப்பிடல, ஆனா என் மூஞ்சியைப் பாத்துட்டு வந்திருச்சு. எப்பவும் வாயடிக்கற பொண்ணு, அன்னிக்கு மெதுவா கேட்டுச்சு. “பாய்ண்ணா, டையை எடுத்துக்கினு போயிடுவாங்களா?”

 ஜி.எம். தரையைப் பாத்தாரு. எனக்குக் கோவம் வந்துச்சு, மறைக்க மாட்டேன். நான் எதுத்துப் பேசற ஆளு கெடையாது. அன்னிக்குப் பேசினேன்.

“சார், அவார்டு இந்த வருஷம் போனா அடுத்த வருஷம் வரும். டை போனா திரும்பி வராது. நான் சுப்பய்யாவை உள்ள வரச் சொல்றேன். திட்டறதா இருந்தா நாளைக்குக் கூப்பிட்டு வெச்சுத் திட்டுங்க.”

அவர் சரின்னும் சொல்லல, வேணாம்னும் சொல்லல. கோட்டை இழுத்து வுட்டுக்கினு உள்ள போயிட்டாரு. நான் போன் போட்டேன்.

தம்பிங்களா, தங்கச்சிங்களா, இங்கதான் நீங்க கவனிக்கணும். எனக்கும் அவருக்கும் அப்ப இருந்த பயம் வேற வேற. என் பயம் லைனைப் பத்தி. அவர் பயம் மூணு பேரு முன்னாடி பொய்க்காரனா நிக்கணுமேன்னு. அந்த பயம் ரொம்பப் பெரிசுப்பா. பெரிய படிப்பு படிச்சவங்களையே உருட்டிப் போட்டுடும். நான் அவரைக் கேலி பண்ண மாட்டேன்.

மீட்டிங் ரூம் ஜன்னல் கேட்டைப் பாத்து இருக்கும். சுப்பய்யா வந்தான் பாருங்க, சும்மா வரல, ஊரைக் கூட்டற மாதிரி ஆரன் அடிச்சிக்கினு வந்தான். தார்ப்பாய் பறக்குது, நீல கிரேட்டுங்க பல்லைக் காட்டிக்கினு நிக்குது. ஒவ்வொண்ணுலயும் எங்க கம்பெனி பேரு கொட்டை எழுத்துல. உள்ள ஜி.எம். அப்பதான் ‘குறைந்த இருப்பே எங்கள் பலம்’னு ஒரு படத்துல நின்னுக்கினு இருந்தாரு.

அந்தம்மா ஜன்னல்ல பாத்தாங்க. “ஏனுங்க, அது உங்க வண்டிங்களா?”

“அது… அது வந்து மேடம், வேற ஒரு…” அவ்ளோதான் வந்துச்சு. மனுஷன் நிறுத்திட்டாரு. கையில இருந்த ரிமோட்டை மேஜை மேல வெச்சாரு. நான் மறுபடி கதவோரத்துலதான் நிக்கறேன்.

“இல்ல மேடம். அது எங்க சரக்குதான். உங்க கண்ணுல படக்கூடாதுன்னு நான்தான் வெளிய அனுப்பினேன். இப்ப கஸ்டமருக்கு அவசரம், அதனால திரும்பி வருது. இந்தப் படத்துல இருக்கறது பொய்.”

அவர் நெனைச்சிருந்தா என் மேல போட்டிருக்கலாம். டிஸ்பாட்ச் ஆளு பண்ணிட்டான்னு ஒரு வார்த்தை, கதை முடிஞ்சிருக்கும். நான்தான்னாரு. அன்னிலேருந்து அந்த மனுஷனை நான் தலைமேல வெச்சுக் கொண்டாடறேன்.

அந்தம்மா கண்ணாடியைக் கழட்டித் தொடைச்சாங்க, மறுபடி போட்டாங்க. “அவசரம்ங்கறீங்க, அப்புறம் இங்க நின்னு எனக்குப் படங்காட்டிட்டு இருக்கறீங்க? போயி எறக்குங்க போங்க. நாங்களும் வர்றோமுங்க.”

அப்புறம் நடந்ததை என்னால சிரிக்காம சொல்ல முடியாது. கோமதி ஒரு கொரல் குடுத்துச்சு, ரெண்டாவது லைன் பூரா ஓடியாந்துச்சு. தரையில தார்ப்பாயை விரிச்சு, சாக்கை அது மேல கவுத்துப் பிரிக்க ஆரம்பிச்சாங்க. பெயின்ட் காயலன்னு சொன்னேனில்ல? செருப்பெல்லாம் ஒட்டிக்கிச்சு. கழட்டிப் போட்டுட்டு வெறுங்காலோட நின்னாங்க, காலெல்லாம் பச்சை. மஞ்சக் கோட்டை மிதிக்கக்கூடாதுன்னு ஆறு மாசமா கத்தின ஜி.எம்., அந்த மஞ்சக் கோட்டு மேலயே போட்டிருந்த கோட்டைக் கழட்டிப் போட்டுட்டு, கழுத்து டையை அவுத்துப் பாக்கெட்டுல சொருகிக்கினு, டிராலி தள்றாரு.

“சார், மஞ்சக் கோட்டுல நிக்கிறீங்க, ஃபைன் போடணும்!” கோமதிக்கு வாய் திரும்பிடுச்சு.

“அப்புறம் போட்டுக்கம்மா, மொதல்ல கிரேட்டைக் குடு!”

கோயமுத்தூர் அம்மா கொஞ்ச நேரம் ஓரமா நின்னு பாத்தாங்க. அப்புறம் முந்தானையை இழுத்துச் சொருகிக்கிட்டு வந்து ஒரு சாக்கு முன்னாடி உக்காந்துட்டாங்க. “இடதுக்கும் வலதுக்கும் என்னம்மிணி வித்தியாசம், சொல்லு.” கோமதி காட்டுச்சு. அந்தம்மா பிரிக்கறாங்க, கூட வந்த ரெண்டு ஆபீசருங்களும் வேற வழியில்லாம பேண்ட்டை மடிச்சு வுட்டுக்கினு உக்காந்தாங்க. அவார்டு குடுக்க வந்தவங்களை வேலை வாங்கின ஒரே கம்பெனி எங்களுதாத்தான் இருக்கும்.

நான் பில்லு போட்டேன், முத்திரை குத்தினேன், கேட் பாஸைச் சுப்பய்யா கையில திணிச்சேன். “ரெட்ஹில்ஸ் பக்கம் போவாதே. ஜனப்பன்சத்திரத்துல திரும்பி பெரியபாளையம் வழியா போ. எங்கயும் துன்றதுக்கு நிறுத்தினே, அவ்ளோதான்.”

“நாந்தான் துன்னுட்டேனே நைனா!” பறந்துட்டான்.

அவன் போனதும் எல்லாரும் அந்த இடத்துலயே உக்காந்துட்டோம். அந்தம்மா எங்களோட டீ குடிச்சிக்கிட்டே கேள்வி மேல கேள்வி கேட்டாங்க. ஏன் இவ்ளோ சரக்கு, கரண்ட்டு எப்ப போவும், கஸ்டமரு ஆர்டரை எத்தனை நாள் முன்னாடி சொல்றாரு. நான் உள்ளதை உள்ளபடி சொன்னேன். ஸ்கிரீன் படத்துல இருந்ததைப் பத்தி ஒரு கேள்வியும் அவங்க கேக்கல. மத்தியானம் போன் வந்துச்சு. ‘வந்திருச்சு பாய்’, அவ்ளோதான் சொன்னாரு ப்ளானிங் ஆளு. யா அல்லான்னு ஸ்டூல்ல சாஞ்சேன்.

கெளம்பறப்ப கார் கதவுகிட்ட அந்தம்மா என்னைத் தனியா கூப்பிட்டாங்க. “பாய், ஸ்டாக்குக்கு உங்களுக்கு நான் பூஜ்ஜியம்தானுங்க போடப் போறேன். அதுல மாத்தமில்லீங்க.”

“போடுங்கம்மா. நியாயந்தான்.”

“இன்னொன்னு கேக்கோணும். போன வாரம் நான் பாத்த ரெண்டு கம்பெனியிலயும் ஒரு பீஸ் ஸ்டாக்கு இல்லீங்க. இந்த ரோட்டுல இன்னும் எத்தனை லாரிங்க நிக்குது?”

நான் ரோட்டைத் திரும்பிப் பாத்தேன். அவங்களே சிரிச்சிக்கிட்டு கார்ல ஏறிட்டாங்க.

ரிசல்ட்டு வர்ற வரைக்கும் எங்களுக்கு அவார்டு நெனைப்பே இல்ல. டை இருக்குமா போவுமான்னுதான் பேச்சு. அன்னிக்கு லைன் நிக்கல, சரி. ஆனா கடைசி நிமிஷத்துல பச்சை பெயின்ட் ஒட்டின கிரேட்டுல சரக்கு வந்துச்சே, கஸ்டமரு மேலிடத்துல இன்னா நெனைப்பாங்க? ஜி.எம். திருவள்ளூருக்கு நேராவே போனாரு. நடந்ததையெல்லாம், லாரியை ஒளிச்சது மொதக்கொண்டு சொல்லியிருக்காரு. ஆர்டரைக் கொஞ்சம் முன்னாடியே சொன்னா இந்தக் கூத்தே தேவையில்லன்னும் கேட்டிருக்காரு. அங்க இன்னா பதில் சொன்னாங்கன்னு எங்ககிட்ட மூச்சு வுடல.

ஒருநாள் காலையில ஷிஃப்ட்டு ஆரம்பிக்கறப்ப எல்லாரையும் கூட்டினாரு. கையில ஒரு பேப்பரு.

“அவார்டு லிஸ்ட்டு வந்திருச்சு. நம்ம பேரு இல்ல.”

 ஆறு மாசம் துடைச்சு, வரைஞ்சு, பெயின்ட் அடிச்சு செத்தவங்க. மூஞ்செல்லாம் தொங்கிப் போச்சு. நானும் சிரிச்சு மழுப்பலாம்னு பாத்தேன், முடியல. வருத்தமாத்தான் இருந்துச்சு.

பின்னாடியிருந்து கோமதி கேட்டுச்சு. “சார், அப்ப ரெண்டாவது லைனு?”

ஜி.எம். நிமிந்து பாத்தாரு. “டை இங்கதாம்மா இருக்கும். இனிமே ஆர்டரை முன்னாடியே சொல்லிடறாங்களாம். இன்னொரு பார்ட்டும் நமக்கே தர்றாங்க, அந்த டை அடுத்த மாசம் வருது. ரெண்டாவது லைனுக்குத்தான். உங்க எல்லாரையும் பர்மனெண்ட் பண்றதுக்கு மொதலாளி ஒத்துக்கினாரு.”

 அப்புறம் தட்டினாங்க பாருங்க கையி! விசிலு வேற. கோமதி முந்தானையால மூஞ்சியை மூடிக்கினு அழுவுது, சிரிக்குது, மறுபடி அழுவுது. மொத லைன் ஆம்பளைங்க இரும்புத் தட்டை எடுத்து ஸ்பேனரால தட்டறாங்க. ஜி.எம். ஏதோ சொல்ல வர்றாரு, வுடவே இல்ல. கொஞ்ச நேரத்துல பக்கத்து கம்பெனி வாட்ச்மேன் எங்க கேட்டாண்ட ஓடியாந்து கம்பியைப் புடிச்சிக்கினு எட்டிப் பாக்கறான்.

“இன்னா பாய் இவ்ளோ சத்தம்? அவார்டு கெடைச்சிருச்சா?”

“ஆமாய்யா, கெடைச்சிருச்சு”ன்னு சொல்லிட்டேன்.